ஆசாரி பூட்டு

எங்கள் கொழிஞ்சிபாளையத்தில் தினமும் சாயங்காலம் நாலேகால் மணிக்குச் சக்கரம் வரும். குளத்துக் கரையில் ஏறி, மாரியம்மன் கோயில் வீதியில் நுழைந்து, சந்தைப்பேட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, நெசவுக்காரர் தெரு வழியாக இறங்கிக் கிழக்கே சோளக்காட்டுக்குள் மறைந்துபோகும். மறுநாள் நாலேகாலுக்கு மறுபடியும் மேற்கே குளத்துப் பக்கமிருந்து வரும். நடுவில் எங்கே போய் வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. புதிதாக வருகிறவரைத்தான் எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரிக்கலாம், தினமும் வந்து போகிறவரை விசாரிப்பது மரியாதை இல்லை.

அது பந்தயக் கார் ஒன்றின் கம்பிச் சக்கரம். கார் கிடையாது, ஓட்டுகிறவர் கிடையாது, சக்கரம் மட்டும்தான். நான் இந்த ஊர் எலிமெண்டரிப் பள்ளிக்கூடத்து வாத்தியார். என் பெயரை விடுங்கள், இந்தக் கதையில் பெயர் சொல்லிக்கொள்ளும்படியாக நான் ஒன்றும் செய்துவிடவில்லை.

அந்தக் காரை ஓட்டியவர் எல்மர் ஹாட்ஜ் என்ற அமெரிக்கர். இன்டியானா என்ற சீமையில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மக்காச்சோளம் விளைகிற பண்ணையில் பிறந்தவர். பதினாலு வயதில் வைத்தியம் பார்க்க வந்த டாக்டரின் மோட்டாரைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு தன் அப்பாவின் சோளக்காட்டை ஏழு சுற்றுச் சுற்றி, பெட்ரோல் தீர்ந்து நின்ற இடத்திலேயே செருப்படி வாங்கியவர். பத்தொன்பது வயதில் பந்தயத்தில் இறங்கினார். அந்தக் காலத்தில் அங்கே திருவிழா மைதானங்களில் காலையில் குதிரைகள் ஓடிய அதே மண்ணில் மத்தியானம் கார்கள் ஓடுமாம். இடுப்பில் பட்டை கிடையாது, தலைக்கு மேல் கூரை கிடையாது, வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு முன்னால் போகிறவன் கிளப்பும் புழுதிக்குள் கண்ணை மூடிக்கொண்டு பாய வேண்டும். இடது கையில் இரண்டு விரல் போயிற்று, பத்தொன்பது பந்தயங்களில் ஜெயித்தார், அவர் முகம் போட்ட சுவரொட்டிகளை மூன்று மாகாணங்களில் ஒட்டினார்கள், ஒரு தடவை ஜனங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு நாலு மைல் போனார்கள். பிறகு பலகை பாவிய பந்தயப் பாதைகள் வந்தன, சின்னப் பையன்கள் வந்தார்கள், காருக்குள் பக்கத்தில் உட்கார இரண்டாவது ஆள் தேவையில்லை என்றார்கள், கூடவே நாற்பது வயதுக்காரனும் தேவையில்லை என்றார்கள். துரை பொருட்காட்சிகளில் ஆகாய விமானத்தோடு பந்தயம் ஓட்டினார், குதிரையோடு ஓட்டினார், கடைசியில் ஒரு தீக்கோழியோடு ஓட்டி அதனிடமும் தோற்றார். அந்தச் சமயத்தில்தான் எங்கள் பட்டக்காரர் கடிதம் எழுதிப் பந்தயக் கார் ஒன்றை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார். பட்டக்காரர் என்றால் எங்கள் வட்டாரத்துப் பெரிய நிலக்காரர், ஊரில் பாதி அவருடையது, மீதிப் பாதி அவருக்குப் பயந்தது. காரை அடைத்த மரப்பெட்டியோடு எல்மர் துரையும் கப்பலேறி வந்து சேர்ந்தார்.

பட்டக்காரர் வாங்கியது பழைய மாதிரிக் கார், அதில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். எண்ணெயை அவர்தான் கைப்பம்பால் அடிப்பார், டயரை அவர்தான் பார்ப்பார், பின்னால் வருகிறவனையும் அவர்தான் கவனிப்பார். இன்ஜின் இரைச்சலில் பேச்சுக் காதில் விழாது என்பதால் எல்லாவற்றையும் ஓட்டுகிறவரின் தொடையில் தட்டித்தான் சொல்ல வேண்டும். ஒரு தட்டு என்றால் பின்னால் ஆள் நெருங்குகிறான். இரண்டு என்றால் எண்ணெய் குறைகிறது. மூன்று என்றால் நிறுத்து, ஏன் என்று கேட்காதே. "மூணு தட்டுக்கு நிறுத்தாதவன் டிரைவரே இல்லை" என்று எல்மர் துரையே என்னிடம் பின்னால் ஒரு நாள் சொன்னார்.

அந்த வேலைக்குப் பட்டக்காரர் குப்பணாசாரியை அனுப்பினார். குப்பணாசாரி மாட்டுவண்டிச் சக்கரம் செய்கிறவர். சக்கரத்துக்கு அவர் பட்டை போட்டால் பேரன் காலம் வரை கழலாது என்று தாராபுரம் வரைக்கும் பேச்சு. துரைக்குத் தமிழ் தெரியாது, ஆசாரிக்கு இங்கிலீஷ் தெரியாது, இருந்தாலும் ஒரே வாரத்தில் ஒருவர் இருமினால் மற்றவர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள். அந்தக் கார்ச் சக்கரத்துக்கு நடுவில் காது வைத்த ஒரே ஒரு பெரிய நட்டுத்தான். ஈயச் சுத்தியலால் அந்தக் காதில் அடித்து முடுக்க வேண்டும். ஆசாரி ஒன்பது அடி அடிப்பார். எட்டு போதுமே என்று துரை விரல் காட்டினால், ஆசாரி ஒன்பதாவதையும் அடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இருபத்தாறாம் வருஷம் சித்திரை மாதம், வற்றிப்போன குளத்துக்குள் பந்தயம் நடந்தது. கோயமுத்தூரிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் ஏழு கார்கள் வந்திருந்தன. முப்பது சுற்று. இருபத்தொன்பதாவது சுற்று முடிகிற நேரத்தில் டயர் வெடித்ததால் துரை டயர் மாற்றப் போட்டிருந்த எங்கள் ஓலைக் கொட்டகைக்குள் காரைத் திருப்பினார். ஆசாரி குதித்துப் புதுச் சக்கரத்தை மாட்டி அடிக்க ஆரம்பித்தார். அப்புறம் நடந்தது புழுதிக்குள் நடந்தது. ஊர் பார்த்ததெல்லாம், கார் மறுபடி கிளம்பியதையும், கால் சுற்றுப் போவதற்குள் இடது பின்சக்கரம் கழன்று ஓடியதையும், கார் குட்டிக்கரணம் போட்டதையும், துரை ஒரு பக்கம் விழுந்ததையும், ஆசாரி காருக்கு அடியில் கிடந்ததையும்தான். அப்போது மணி நாலேகால்.

சக்கரம் நிற்கவில்லை. மிச்சம் இருந்த முக்கால் சுற்றையும் ஒழுங்காகச் சுற்றி, மற்றக் கார்கள் விபத்தைப் பார்த்துத் தயங்கி நின்ற நேரத்தில் கோட்டைத் தாண்டி, கரையேறி, ஊருக்குள் போய்விட்டது. என் காரில் ஒரு பாகமாவது முதலில் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று பட்டக்காரர் கேட்டார். நடுவர்கள் இரண்டு மணி நேரம் விவாதித்துவிட்டுக் கோப்பையை அவருக்கே கொடுத்தார்கள். தோளில் கட்டோடு துரை அதை வாங்கிக்கொண்டார். ஆசாரி அப்போது நூறடி தள்ளிக் கோரைப்பாயில் பிணமாகக் கிடந்தார். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அடுத்த வாரம் தாசில்தார் விசாரணைக்கு வந்தார். மொழிபெயர்த்தவன் நான். சக்கரத்தை உன் ஆள் சரியாக முடுக்கினானா என்று தாசில்தார் கேட்டார். துரை வெகுநேரம் பேசாமல் இருந்தார். ஒரு கையால் தொடையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு இல்லை என்றார். நான் இல்லை என்றேன். அவ்வளவு நேரம் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று நான் கேட்டிருக்கலாம், அது என் வேலை இல்லை என்று இருந்துவிட்டேன். எங்களுக்குப் பின்னால், இடுப்பில் ஆறு வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு நின்ற ஆசாரியின் மனைவி பழனாத்தாள், "ஒம்போது அடி அடிக்காம அவரு எந்திரிக்க மாட்டாருங்க சாமி" என்றாள். "நீ பக்கத்துல இருந்து பார்த்தியா?" என்றார் தாசில்தார். அவள் பார்க்கவில்லை. விசாரணை முடிந்துவிட்டது.

சக்கரம் மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. முதல் வாரம் ஜனங்கள் ஓடினார்கள், இரண்டாம் வாரம் ஒதுங்கினார்கள், மூன்றாம் வாரம் கும்பிட்டார்கள், நாலாம் வாரம் வேலையைப் பார்த்துக்கொண்டே காலை மட்டும் மடக்கிக்கொண்டார்கள். சந்தைப்பேட்டையில் ஒரு மளிகைக் கடை அதன் வழியில் இருந்ததால் கடைக்காரர் முன்சுவரிலும் பின்சுவரிலும் ஒவ்வொரு ஓட்டை வைத்தார், சக்கரம் மிளகாய் மூட்டைக்கும் புளி மூட்டைக்கும் நடுவே ஒன்றையும் தொடாமல் போய்வந்தது. நெசவுக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் தறியை விட்டு எழுந்தார்கள். பொய்ச் சத்தியம் செய்கிறவனை நாலேகாலுக்கு வீதியில் நிற்கவைத்துச் சத்தியம் வாங்கினார்கள். போலீஸ்காரர் ஒருவர் மேலிடத்து உத்தரவோடு கயிறு போட்டுப் பிடிக்கப் பார்த்தார், சக்கரம் அவரை மூன்று பர்லாங் இழுத்துப்போய்த் தாசில்தார் ஆபீஸ் வாசலிலேயே விட்டுவிட்டது. ஓட்டுநர் இல்லாத வாகனத்துக்கு லைசென்ஸ் யார் பெயரில் கொடுப்பது என்று ஒரு பைல் கிளம்பி, சென்னை வரைக்கும் போய், அங்கேயே தங்கிவிட்டது. சக்கரத்தைப் பார்க்கப் பன்னிரண்டு கிராமத்து ஜனம் வந்தது, அவர்களுக்காக பஸ் வந்தது, பஸ்ஸுக்காக ரோடு வந்தது. வருஷா வருஷம் சித்திரையில் சக்கரத் திருநாள் என்று வைத்து, எல்மர் துரையை மேடையில் உட்காரவைத்துக் கழுத்து வலிக்க வலிக்க மாலை போட்டோம்.

துரை ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. பட்டக்காரரின் பஸ் கம்பெனியில் டிரைவர்களுக்குப் பழக்கிக் கொடுத்தார். எங்கள் பேச்சை எங்களைப் போலவே பேசக் கற்றுக்கொண்டார். சக்கரம் வரும் நேரத்தில் சில நாள் நடுவீதியில் போய் நின்றுகொள்வார், அடித்துப் போட்டுவிட்டுப் போகட்டும் என்பதுபோல. சக்கரம் அவரைச் சுற்றிக்கொண்டு போய்விடும், ஒரு மாட்டுக்கோ பிள்ளைத்தாய்ச்சிக்கோ ஒதுங்குவதைப் போலத்தான் அவருக்கும் ஒதுங்கும்.

ஊர் கற்றுக்கொண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆசாரி சக்கரத்தைப் பூட்டிய அழகை வைத்து, எதையாவது அரைகுறையாகச் செய்தால் அதற்கு 'ஆசாரி பூட்டு' என்று பெயர் வந்துவிட்டது. பானை மூடி சரியாக உட்காரவில்லையா, ஆசாரி பூட்டு. கட்டிய மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடிற்றா, ஆசாரி பூட்டு. கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவன் வாய் ஆசாரி பூட்டு. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் சொன்னோம், பல் விளக்குகிற மாதிரி சொன்னோம். பிள்ளைகள் கணக்கைப் பாதியில் விட்டால் நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். குப்பணாசாரியின் பட்டறையைப் பழனாத்தாளின் தம்பி கொஞ்ச நாள் நடத்திப் பார்த்தான், அந்தப் பட்டறைக்கு எவன் வண்டியைக் கொண்டுவருவான்? அவன் பிழைப்புத் தேடி ஈரோட்டுக்குப் போய்விட்டான். பழனாத்தாள் வீடு வீடாக மாவு இடித்தாள். கிணற்றடியில் அவள் காதுபடவே யாராவது வாளிக் கயிற்றைப் பார்த்து ஆசாரி பூட்டு என்பார்கள், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

பதினோரு வருஷம் இப்படிப் போயிற்று. ஆசாரியின் பெண் தெய்வாத்தாளுக்குக் காங்கயத்தில் ஒரு மாப்பிள்ளை அமைந்து வெற்றிலை பாக்கு மாற்றுகிற அளவுக்கு வந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா சந்தையில் யாரிடமோ விசாரித்திருக்கிறார். "அந்த ஊட்டுப் பொண்ணுங்களா? ஆசாரி பூட்டு ஊடுங்களாச்சே, தாலி நிக்குமுங்களா?" என்று அந்த ஆள் சிரித்திருக்கிறான். சும்மா வேடிக்கைக்குச் சொன்னதுதான். காங்கயத்துக்காரர் சிரிக்கவில்லை, பேச்சை நிறுத்திவிட்டார்.

இது காதில் விழுந்த அன்றைக்கு எல்மர் துரை பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகள் போன பிறகு கடைசிப் பெஞ்சில் கால் மடங்க உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, அன்னிக்கு அவரு அஞ்சு அடிதானுங்க அடிச்சிருந்தாரு. முன்னால போறவன் புழுதி எனக்குத் தெரிஞ்சுது. ஏறு ஏறுன்னு கத்தி நான் வண்டியை எடுத்துட்டனுங்க. சுத்தியலோட ஓடிவந்துதான் ஏறுனாரு."

நான் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"ஏறுனதும் மூணு தட்டுத் தட்டுனாருங்க. நான் நிறுத்தலை. மறுபடியும் மூணு தட்டுனாரு. தீக்கோழிகிட்டத் தோத்தவன்னு என்னையப் பார்த்து அங்க அத்தனை பேரும் சிரிச்சானுங்க வாத்தியாரே, இங்கயாச்சும் ஜெயிச்சிரணும்னு இருந்துது. கடைசியா அவரு தட்டலை. தொடையைப் புடிச்சுக்கிட்டாரு. அவ்வளவுதானுங்க."

அதைச் சொல்லிவிட்டு அந்தப் பெரிய ஆள் பெஞ்சில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அன்றைக்குக் கேட்காமல் விட்டது ஞாபகம் வந்து என்மேல்தான் அருவருப்பு வந்தது.

இருவருமாகப் பட்டக்காரரிடம் போனோம். திருநாள் மேடையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்றார் துரை. பட்டக்காரர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தாமல் முழுக்கக் கேட்டார்.

"செரி. சொல்லிப் போட்டீங்கன்னு வெச்சுக்குங்க. சக்கரம் நின்னு போச்சுன்னா?"

பட்டக்காரர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"என்னமோ ஒண்ணு தீராமக் கெடக்கறதுனாலதானே அது சுத்துது? நீங்க தீர்த்துப் போட்டா அது எதுக்குச் சுத்தோணும்? பன்னெண்டு ஊரு சனம் இதை நம்பி வருது. செத்தவரு நல்லவருதான், நான் இல்லீங்கல. ஆனா உசுரோட இருக்கறவனையும் பார்க்கோணுமுங்களே."

இந்தப் பேச்சு மறுநாளே ஊருக்குள் பரவிவிட்டது. துரை ஏதோ நிஜத்தைச் சொல்லப் போகிறார், சொன்னால் சக்கரம் நின்றுவிடும். என்ன நிஜம் என்று கேட்டவர்கள் குறைவு. நிற்குமா நிற்காதா என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. கோயில் பூசாரி பூக்கட்டிப் பார்த்துவிட்டு, நிஜம் வெளியே வந்தால் நிச்சயம் நிற்கும் என்றார். மளிகைக் கடைக்காரர் ஓட்டைகளை அடைக்கச் செங்கல் வாங்கி வைத்தார்.

திருநாள் அன்று நாலு மணிக்கு எல்மர் துரை மேடையில் எழுந்தார். மாலைகளைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். கூட்டத்தின் ஓரத்தில் பழனாத்தாளும் தெய்வாத்தாளும் நின்றார்கள், நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

"குப்பணாசாரி மேல ஒரு தப்பும் இல்லைங்க" என்றார் துரை. அஞ்சு அடியைச் சொன்னார், மூன்று தட்டைச் சொன்னார், மறுபடி மூன்று தட்டைச் சொன்னார், தாசில்தாரிடம் சொன்ன பொய்யைச் சொன்னார். "நாந்தானுங்க கொன்னேன். கொன்னதுமில்லாம பேரையும் கெடுத்தேன். இனிமேல் அந்த வார்த்தையை யாரும் சொல்லாதீங்க. சொல்றதா இருந்தா என் பேரை வெச்சுச் சொல்லுங்க."

ஒருவர்கூட மேடையைப் பார்க்கவில்லை. பழனாத்தாளையும் பார்க்கவில்லை. மூவாயிரம் தலையும் குளத்துக் கரைப் பக்கம் திரும்பியிருந்தது. நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலேகால் ஆயிற்று. சக்கரம் வந்தது.

கரையில் ஏறி, வீதிக்குள் நுழைந்து, மேடையை ஒட்டி, எப்போதும் போகிற வேகத்திலேயே போயிற்று. பிறகு எழுந்த சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்தன. ஆண்கள் துண்டை வீசினார்கள், பெண்கள் குலவை போட்டார்கள். சக்கரம் நிற்கவில்லை, ஆகையால் துரை சொன்னது நிஜம் இல்லை என்று ஐந்து நிமிஷத்தில் ஊருக்குப் புரிந்துவிட்டது. "செத்தவன் பேரைக் காப்பாத்த, பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டாரு பாருங்க, எப்பேர்ப்பட்ட மனசு!" என்றார் பூசாரி. கழற்றி வைத்த மாலைகளை எடுத்து மறுபடி துரையின் கழுத்தில் போட்டார்கள். அவர் "நெசமுங்க, நெசமுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். அந்தக் குரலைக் கேட்டுப் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பட்டக்காரர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க வாத்தியாரே, விசாரணையில நீங்கதானே இருந்தீங்க? தொரை சொல்றது நெசமுங்களா?"

அத்தனை முகமும் என்னைப் பார்த்தது. எல்லா முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். துரையும் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தைதான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

அதற்கப்புறம் துரை காங்கயத்துக்குப் போனார். அங்கேயும் நிஜத்தைத்தான் சொன்னார். அங்கேயும் நம்பவில்லை, ஆனால் சக்கரத் துரையே வீடு தேடி வந்து கேட்கிறாரே என்று குளிர்ந்துபோய்ச் சம்மதித்துவிட்டார்கள். வைகாசியில் கண்ணாலம். பழனாத்தாளின் வீட்டு வாசலிலேயே பந்தல். துரையும் நானும் போனபோது காங்கயத்துக்காரர்கள் எழுந்து வந்து துரையை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். தாலி கட்டும்போது கூட்டத்தில் எவனோ, "கெட்டியாப் போடு மாப்ள, ஆசாரி பூட்டாப் போயிறப் போவுது" என்றான், பந்தலே சிரித்தது. சிரித்த பிறகு யாரும் நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் பொண்ணு மாப்பிள்ளையை வீட்டுக்குள் கூட்டிப்போய்ச் செத்துப்போன அப்பாவைக் கும்பிடவைக்க வேண்டும். உள்ளே சுவரோரம் வேட்டி வைத்து, இலை போட்டு, விளக்கு ஏற்றியிருந்தது. எல்லோரும் நகர்ந்தபோது நாங்கள் இருவரும் கூடவே நகர்ந்தோம். நிலைப்படிக்கு அருகில் பழனாத்தாள் குறுக்கே வந்தாள். கோபமாக இல்லை. விருந்தாளியிடம் பேசுகிற குரலில்தான் பேசினாள்.

"தொரை, நீங்க சொன்னதை நான் நம்பறனுங்க. ஊருல நான் ஒருத்திதான் நம்பறேன். அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா எல்லாரும் நம்பியிருப்பாங்க."

துரை தலையைக் குனிந்துகொண்டார்.

"பந்தி போட்டிருக்குது, சாப்புட்டுட்டுப் போங்க. பொண்ணுக்கு நல்லது பண்ணியிருக்கீங்க, பட்டினியா அனுப்ப மாட்டேன். ஆனா அவரு பேரைச் சொல்லிக் கும்புடற எடத்துல நீங்க நிக்க வேண்டாமுங்க."

துரை சரி என்று ஒதுங்கினார். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன், அவள் சொன்னது துரைக்குத்தான் என்று நினைத்து.

"நீங்களும்தானுங்க வாத்தியாரே" என்றாள்.